பாப்லோ ஃபெர்ரோவும் ஸ்டீவ் டிட்கோவும் - மறந்துபோன இரண்டு ஓவியர்கள்

படத்தின் டைட்டில் ஓடும்போதுதான் தியேட்டரில் பலரும் சீட் தேடிக்கொண்டிருப்பார்கள். காமிக்ஸிலும் அதே கதைதான். ஹீரோவின் பெயர் எல்லோருக்கும் தெரியும், வரைந்தவர் பெயர் தெரியாது. பாப்லோ ஃபெர்ரோ, ஸ்டீவ் டிட்கோ இருவருமே அப்படிக் கவனிக்கப்படாமல் போனவர்கள்.

இருவருமே 1950களில் நியூயார்க்கில் அட்லஸ் காமிக்ஸுக்கு வரைந்தவர்கள். இருவருக்கும் ஒரே எடிட்டர், ஸ்டான் லீ. இன்னொரு ஒற்றுமை... மூவரும் காலமானது ஒரே வருடத்தில், 2018-ல். ஸ்டான் லீயின் மரணம் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. நான்கே நாள் கழித்து, நவம்பர் 16-ல் ஃபெர்ரோ மறைந்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபெர்ரோ 1935-ல் கியூபாவில் பிறந்து, சின்ன வயதிலேயே நியூயார்க் வந்தவர். புத்தகத்தைப் பார்த்தே அனிமேஷன் கற்றுக்கொண்டார். கொஞ்ச காலம் காமிக்ஸ், அப்புறம் டிவி விளம்பரங்கள். அந்த விளம்பரங்களின் வேகம் பிடித்துப்போய் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அவரைக் கூப்பிட்டார்.

அப்படி வந்ததுதான் 1964-ல் வெளியான 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தின் டைட்டில். நடுவானில் ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு எரிபொருள் நிரப்பும் காட்சி. எழுத்துப் பெரிதாக இருந்தால் விமானம் மறையும், சிறிதாக இருந்தால் பெயர் எடுபடாது. ஃபெர்ரோ என்ன செய்தார்? மெல்லிய கோட்டில், திரை முழுவதும் நிறையும் உயரமான எழுத்துகளைக் கையாலேயே வரைந்தார். பெயரும் தெரிந்தது, விமானமும் தெரிந்தது! அதில் 'பேஸ்டு ஆன்' என்று வர வேண்டிய இடத்தில் 'பேஸ் ஆன்' என்று ஓர் எழுத்துப்பிழை. அது இன்றும் அப்படியே இருக்கிறது.

1968-ல் வந்த 'தி தாமஸ் கிரவுன் அஃபேர்' படத்தில் திரையைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். காமிக்ஸ் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு அந்தக் கட்டங்கள் புதிதல்ல!

டிட்கோவின் கதை வேறு மாதிரி. 1927-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1962-ல் 'அமேஸிங் ஃபேன்டஸி' 15-வது இதழில் ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்தபோது, அந்த உடையும் முகத்தை முழுதாக மூடிய முகமூடியும் இவர் உருவாக்கியவை. அடுத்த வருடம் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்.

அப்போது மார்வெலில் ஸ்டான் லீ கதையைச் சுருக்கமாகச் சொல்வார், ஓவியர் காட்சிகளை அமைத்து வரைவார், அதன் பிறகே வசனம். அப்படியென்றால் கதையில் ஓவியருக்கும் பங்கு உண்டல்லவா? ஸ்பைடர்மேன் 25-வது இதழில்தான் கதையமைப்புக்கு டிட்கோவின் பெயர் போடப்பட்டது. ஊதியம் பக்கக் கணக்கில்தான், கதாபாத்திரத்தின் உரிமை கம்பெனிக்கு. 1966-ல் அவர் மார்வெலை விட்டு வெளியேறினார். பேட்டிகளைத் தவிர்த்தார், புகைப்படத்துக்கும் சம்மதிக்கவில்லை.

1999-ல் ஸ்டான் லீ, டிட்கோவை இணைப் படைப்பாளியாகவே 'கருதி' வந்ததாக ஒரு திறந்த கடிதம் எழுதினார். டிட்கோ அதையும் ஏற்கவில்லை. 'கருதுவது' வேறு, 'ஒப்புக்கொள்வது' வேறு என்பது அவர் வாதம். ஒரே ஒரு சொல்தான், ஆனால் அவருக்கு அதில்தான் எல்லாமே இருந்தது.

2002-ல் ஸ்பைடர்மேன் படம் உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2018 ஜூன் 29 அன்று நியூயார்க் வீட்டில் தனியாக இறந்து கிடந்தார் டிட்கோ. வயது 90. உரிமையை மீட்க அவர் குடும்பத்தினர் 2021-ல் நோட்டீஸ் கொடுத்தார்கள். மார்வெல் வழக்குப் போட்டது. 2023-ல் சமரசத்தில் முடிந்தது.

ஒருவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பெயர்களை அழகாக எழுதினார். இன்னொருவர் தன் பெயர் சரியாக எழுதப்பட வேண்டும் என்று கேட்டார். அடுத்த முறை தியேட்டருக்குப் போகும்போது, டைட்டிலுக்கு முன்பே சீட்டில் உட்கார்ந்துவிடுங்கள்.