லயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்



சங்கீதம் படித்தவர்களுக்கு லயம் என்றால் தாளக்கட்டு. போடிமெட்டு ஏறி மூணாறுக்கும், குமுளி ஏறி வண்டிப்பெரியாறுக்கும் பிழைக்கப் போன நம் சனங்களுக்கு லயம் என்றால் வீடு. ஒரே கூரை, வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். இந்த இரண்டு லயமும் சேரும் இடத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

உங்களில் பலர் பாப் மார்லி படம் போட்ட பனியன் அணிந்திருப்பீர்கள். அவர் பாடிய ரெகே இசை பிறந்தது ஜமைக்காவில். அதுவும் ஒரு தோட்டத் தேசம்தான். அங்கே கரும்புத் தோட்ட அடிமை முறை 1838-ல் முழுதாக முடிந்தது. 1845-லேயே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். தோட்டத்தில் வாழ வழியற்றவர்கள் பின்னாளில் கிங்ஸ்டன் நகரத்துக்கு வந்து தகரக் கொட்டகைகளில் ஒண்டினார்கள்.

அங்கே டிரெஞ்ச் டவுன் என்ற பகுதியில் அரசு கட்டிய குடியிருப்புகளில் நடுவே ஒரு முற்றம், சுற்றிலும் அறைகள், எல்லோருக்கும் பொதுவாகச் சமையலிடமும் குழாயும். மார்லி வளர்ந்தது இந்தப் பகுதியில்தான். 1974-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற பாட்டு அந்த முற்றத்தைத்தான் நினைவுகூர்கிறது. அதற்கு முன்பே, 1966-ல், பேக்-ஓ-வால் என்ற ஏழைகளின் குடியிருப்பை அரசு புல்டோசர் வைத்து இடித்தது. இரண்டே ஆண்டில், 1968-ல், 'ரெகே' என்ற பெயர் இசைத்தட்டில் ஏறியது. வீடு இழந்தவனின் கோபம் அந்தத் தாளத்துக்குள் இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். மூணாறில் விளைந்த தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போனது. தேயிலை கீழே இறங்கியது. மனிதர்கள் மேலே ஏறினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராதான்.

லயத்தின் சூட்சுமம் இதுதான்: வேலை இருக்கும் வரைதான் வீடு. எதிர்த்துப் பேசினால் கூலி மட்டுமா போகும்? கூரையும் சேர்ந்து போகும். வாய் திறந்து கேட்க முடியாததைப் பாட்டில் வைத்தார்கள். கங்காணியையும் துரையையும் கேலி செய்த அந்தப் பாட்டுகளைத்தான் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாட்டு எழுதிப் பாடினார். மார்லி பிறப்பதற்கு முன்பே நடந்தது இது!

2015 செப்டம்பரில் மூணாறில் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு சாலையில் அமர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள். போனஸும் கூலியும் கேட்டவர்கள், ஒற்றை அறை வாழ்க்கையையும் ஊருக்குச் சொன்னார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு, 2021-ல், தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை வைத்து அறிவு எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் ஒலித்தது. நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலம் இல்லை என்ற அதே பழைய வழக்குதான்.

ரெகே இசையை 2018-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. நம் லயத்துப் பாட்டுகளில் பல, பாடியவர்களோடு மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் தோட்டத்தில் உழைத்த அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால், இந்தப் பொங்கல் விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த எஸ்டேட், எந்த வருசம் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள், கேட்கிறேன்.