அடுக்களை மரக்கலங்களும் யாழ்ப்பாணத்து வரலாறும்

புத்தூர்ப் பகுதியிற் பழைய வீடுகளின் கோடிப்புறத்தே, செல்லரித்த உரல் ஒன்று கவிழ்ந்து கிடக்கக் காணலாம். கல்லும் செம்பும் காலத்தை வென்று நிற்பன. மரமோ மழைக்கும் செல்லுக்கும் இரையாவது. ஆதலின் அடுக்களையின் வரலாற்றை ஆராயப் புகுவோர் எஞ்சிய பொருள்களினும் எஞ்சிய பெயர்களையே பெரிதும் நம்புதல் வேண்டும்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர் மொழியினின்று வந்த குசினி என்னுஞ் சொல் அடுக்களையின் பெயரையே மாற்றிற்று. கோப்பையும் அவ்வழி வந்ததே. ஆயின் அக்குசினியினுள்ளே வழங்கிய உரல், உலக்கை, மத்து, அகப்பை, திருவலை என்பவற்றின் பெயர்கள் மாறவில்லை. வேற்றவர் கொணர்ந்த கலம் தன் பெயரோடு வந்தது. இவையோ ஊர்த் தச்சன் கையில் உருவானவை. முகத்தலளவையான மரக்காலின் பெயரிலும் மரம் உளது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள் ஆடவல்லான் என்னும் மரக்காலைக் கூறுகின்றன. அளவை மறைந்தது, பெயர் கல்லில் நின்றது.

உரல் குடைதல் எளிய தொழிலன்று. குழி ஆழங் குறைந்தால் நெல் சிதறும்; வாய் மிக விரிந்தால் குத்துபவை ஓரத்தே ஒதுங்கும். உலக்கை நுனிக்கு இரும்புப் பூண் வேண்டும், இல்லையேல் பிளக்கும். ஒடியலை இடித்து மாவாக்கியதும் இவ்வுரலிலேயே. அகப்பையோ சிரட்டையும் காம்புமன்றி வேறில்லை. சிரட்டையின் பக்கத்தில் இரு துளையிட்டுக் காம்பைச் செருகினால் ஆணியும் வேண்டா.

பிலிப்பைன்சின் வட மலைகளில் வாழும் இஃபுகாவோ மக்கள் மரக்கரண்டிக் காம்பில் மனித உருவைச் செதுக்குவர். அவை வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் இடம்பெற்றுள்ளன. நம் அகப்பையில் உருவமில்லை; அது சேகரிப்போர் கண்ணை எளிதில் ஈர்ப்பதன்று. அழகுள்ளதே பேணத்தக்கது எனக் கொள்வது வரலாற்றாசிரியர்க்குப் பொருந்தாது.

ஆலைகளும் அலுமினியப் பாத்திரங்களும் வந்தபின் உரலின் தேவை குறைந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, கையிற் கொள்ளத்தக்கவையே உடன் சென்றன, உரல் அத்தகையதன்று. உரலின் வாய், உலக்கையின் பூண், திருவலையின் பல் என உறுப்புக்கொரு பெயர் சொல்லும் முதியோர் இன்னும் உளர். அவரிடங் கேட்டெழுதும் வேலை எஞ்சியிருக்கின்றது.