காலையிலேயே வால்யூம் எகிறுதா? இன்ட்ராடேவில் 'ரிலேட்டிவ் வால்யூம்' சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

உத்திரமேரூர் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு டீக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக காலை 9.30 மணிக்குள் 100 டீ விற்கும். இன்று அதே நேரத்துக்குள் 300 டீ போய்விட்டது. "இன்னைக்கு ஏதோ விஷயம் இருக்கு" என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும். முகூர்த்த நாளாக இருக்கலாம், பஸ் வராமல் ஜனங்கள் காத்துக் கிடக்கலாம். கூட்டம் 3 மடங்கு என்பது உறுதி. எதற்காக வந்த கூட்டம் என்பது டீ கணக்கில் தெரியாது.

பங்குச்சந்தையில் இந்தக் கணக்குக்குப் பெயர்தான் ரிலேட்டிவ் வால்யூம்.

எப்படி கணக்கிடுவது?

ஒரு பங்கில் இன்று இதுவரை கைமாறிய எண்ணிக்கையை, முந்தைய நாட்களில் இதே நேரத்துக்குள் கைமாறிய சராசரியால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் வழக்கமான நாள். 3 என்றால் வழக்கத்தைவிட 3 மடங்கு. 0.5 என்றால் ஆர்வம் பாதிதான்.

'இதே நேரத்துக்குள்' என்பதுதான் முக்கியம். சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, மொத்தம் 375 நிமிடங்கள் நடக்கிறது. ஆனால் வர்த்தகம் சீராக நடப்பதில்லை. திறந்ததும் கூட்டம், மதியம் மந்தம், கடைசி அரை மணி நேரத்தில் மறுபடியும் கூட்டம். இன்ட்ராடேவில் வாங்கியதை அன்றே விற்று முடிக்க வேண்டும் என்பதும் கடைசி நேர நெரிசலுக்கு ஒரு காரணம்.

உதாரணமாக, ஒரு பங்கின் முழுநாள் சராசரி 10 லட்சம். காலை 10.15-க்குள் வழக்கமாக 2.5 லட்சம் கைமாறும். இன்று 5 லட்சம். முழுநாள் சராசரியோடு ஒப்பிட்டால் 0.5 என்று வரும், 'டல்லான பங்கு' போலத் தோன்றும். அதே நேரத்தோடு ஒப்பிட்டால் 2 மடங்கு. எனவே மொபைல் ஆப்பில் தெரியும் எண் எதனுடன் ஒப்பிடப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

விலையோடு சேர்த்துப் பார்த்தால்?

* விலை நேற்றைய உச்சத்தைத் தாண்டுகிறது, வால்யூம் 3 மடங்கு: நகர்வுக்குப் பின்னால் நிறைய பேர் இருக்கிறார்கள்.
* விலை தாண்டுகிறது, வால்யூம் 0.7 மடங்கு: ஏற்றம் நிலைக்குமா என்பது சந்தேகம்.
* வால்யூம் 4 மடங்கு, விலை நகரவே இல்லை: வாங்க வருகிறவர்களுக்கு எல்லாம் யாரோ விற்றுக்கொண்டே இருக்கலாம்.

கைமாறும் ஒவ்வொரு பங்கிலும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். அதனால் வால்யூம் கூடினாலே விலை ஏறும் என்று அர்த்தம் இல்லை. காலாண்டு முடிவு வெளியாகும் நாளில் வால்யூம் கூடுவதும் சகஜம்தான்.

சிறிய பங்குகளில் ஏன் ஆபத்து?

தினமும் 5,000 பங்குகள் மட்டுமே கைமாறும் நிறுவனத்தில் சிலர் சேர்ந்தாலே 50,000 ஆக்கிவிடலாம். ஆப்பில் '10 மடங்கு' என்று மின்னும். சாதனா பிராட்காஸ்ட் பங்கு விவகாரம் இதற்கு உதாரணம். 2022-ல் யூடியூப் வீடியோக்களில் அந்த நிறுவனம் பற்றி பொய்த் தகவல் பரப்பப்பட்டது, விலையும் வால்யூமும் எகிறின, அந்த நேரத்தில் புரமோட்டர்கள் சிலர் உட்பட உள்ளே இருந்தவர்கள் விற்று லாபம் பார்த்தனர் என்று 2023 மார்ச் மாத இடைக்கால உத்தரவில் செபி குறிப்பிட்டது. அந்த வால்யூம் நிஜம்தான். அதில் வாங்கும் பக்கம் நின்றது சாதாரண மக்கள்.

செபி சொல்லும் கணக்கு

2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-ல் 7 பேருக்கு நஷ்டம். 30 வயதுக்குட்பட்டவர்களில் இது 76 சதவீதம். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் டிரேட் செய்தவர்களில் 80 சதவீதம்.

கடன் வசதியும் நஷ்டத்தைப் பெருக்கும். கையில் உள்ள 10,000 ரூபாயை வைத்து 5 மடங்கு, அதாவது 50,000 ரூபாய்க்கு பங்கு வாங்கினால், விலை 2 சதவீதம் இறங்கினாலே 1,000 ரூபாய் போய்விடும். சொந்தப் பணத்தில் அது 10 சதவீதம். புரோக்கரேஜ், வரி தனி.

பணம் போடும் முன் பார்க்க வேண்டியவை

* ஒப்பீடு அதே நேரத்தோடு செய்யப்பட்டதா?
* வால்யூம் கூடியதற்கான காரணம் பங்குச்சந்தை இணையதளத்தில் நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பில் இருக்கிறதா?
* அந்தப் பங்கின் வழக்கமான வால்யூம் எவ்வளவு?
* 'டிப்ஸ்' தருபவர் செபியில் பதிவு செய்தவரா?
* கணிப்பு தவறினால் எந்த விலையில் வெளியேறுவது?

எந்தப் பங்கில் கூட்டம் கூடுகிறது என்பதை ரிலேட்டிவ் வால்யூம் காட்டும். காரணம் தெரியாத கூட்டத்தில் கைக்காசோடு நுழையாமல் ஒதுங்கி நிற்பதும் ஒரு முடிவுதான்.