அழுகைக்கு அபராதம்

கி.மு. 494இல் மிலேட்டஸ் நகரம் பாரசீகரிடம் வீழ்ந்தது. அதை ஃப்ரினிக்கஸ் நாடகமாக்கியபோது ஏதென்ஸ் அரங்கமே அழுதது. அழவைத்தவனுக்கு 1000 திராக்மா அபராதம். இனி யாரும் அந்த நாடகத்தைப் போடக்கூடாது என்று தடை. சொந்தத் துயரத்தை நினைவூட்டிவிட்டான் என்பதே குற்றம் என்கிறார் ஹெரோடோட்டஸ். மிலேட்டஸின் கலகத்துக்கு 20 கப்பல் அனுப்பிவிட்டுப் பாதியில் கைகழுவிய நகரம் ஏதென்ஸ். ஆகவே அந்த அழுகையில் துக்கத்தோடு கொஞ்சம் குற்றவுணர்வும் கலந்திருக்கத்தான் வேண்டும்.

அரசியல் நாடகத்துக்கான எதிர்வினை என்றாலே நமக்குத் தடைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. எம்.ஆர். ராதாவின் இராமாயணத்தை மனதில் வைத்தே கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் செல்லாதவையாயின. ஆனால் தடை என்பது எளிய எதிர்வினை. யார் எந்தப் பக்கம் என்று அதில் தெரிந்துபோகும். நாடகத்தை எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டால் என்ன செய்வது? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1985இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது இதுதான். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தி, பல்கலைக்கழக மாணவர்கள் நடித்த 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போனது. 1981இல் நூலகம் எரிந்தது. 1983 ஜூலை வன்முறை அகதிகளை வடக்கே துரத்தியது. 1985இல் இயக்கங்களின் கை ஓங்க, குடாநாட்டில் ராணுவம் முகாம்களுக்குள் ஒதுங்கத் தொடங்கியது. கிராமத்து வெளிகளில் ஜனங்கள் கூடி நாடகம் பார்க்க முடிந்ததற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். பிட்டுக்கு மண் சுமந்த இறைவனை நினைவூட்டும் தலைப்பு, மண்ணில் உழைக்கும் சனத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. பாட்டும் கூட்டுக்குரலும் உடலசைவும் கலந்த அந்த வடிவத்தில் பார்வையாளர்கள் தங்களையே கண்டார்கள். மேடைக்கும் மண்தரைக்கும் நடுவில் தூரமே இல்லை.

இதைத்தான் நாம் இங்கே திரும்பத் திரும்பக் கொண்டாடுகிறோம். மக்கள் அரங்கு, எழுச்சி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதற்குப் பிறகான ஆண்டுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. 1986 ஏப்ரல் கடைசியில் இயக்கம் இயக்கத்தைக் கொன்றது. அதே ஆண்டு நவம்பரில் மாணவர் ஒருவர் காணாமல்போக, அதே பல்கலைக்கழகத்தில் உண்ணாவிரதம் நடந்தது. இம்முறை கேள்வி அரசை நோக்கி அல்ல, இயக்கத்தை நோக்கி. நாடகம்தான் இதைச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றாக உட்கார்ந்து அழக் கற்ற கூட்டம், யாருக்காக அழலாம் என்று பிறர் வகுத்துக்கொடுப்பதை என்றைக்கும் ஏற்றுக்கொண்டிருக்காது என்றுதான் சொல்கிறேன். ஏதென்ஸ் அழுகைக்கு அபராதம் போட்டது. நம் காலத்து அதிகாரங்கள் அழுகையைச் சொந்தமாக்கிக்கொள்கின்றன. இரண்டாவதுதான் ஆபத்து கூடியது.

சண்முகலிங்கம் தன் நாடகத்துக்குத் தானே ஆற்றிய எதிர்வினையையும் இந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும். 'அன்னை இட்ட தீ'யில் அவர் போர் மனதில் உண்டாக்கிய காயத்துக்குப் போனார். 'எந்தையும் தாயும்' நாடகத்தில், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களிடம் வந்து நின்றார். எழுச்சியின் குரல் தணிந்து விசாரிப்பின் குரல் கேட்கிறது. இதைப் பின்வாங்கல் என்று வாசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அழைத்தவனுக்கு, அழைப்பை ஏற்றுப் போனவர்களின் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரும் கடமை இருக்கிறது. 2025 ஜனவரியில் அவர் காலமானபோது இங்கே எழுதப்பட்ட அஞ்சலிகளில் நான் படித்தவை பலவும் 1985ஐத் தாண்டவில்லை.

நான் இருப்பது மேனாம்பேட்டில். சில கிலோமீட்டர் தள்ளி ஆவடி டாங்கி ஃபேக்டரி. 1965இல் அங்கே முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1987 அக்டோபரில் யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய ராணுவம் இறங்கி நடந்த சண்டையில் ஓடிய டி-72 வகையை, பின்னர் இதே ஆவடியில் தயாரித்தார்கள். போன மாசம் எங்கள் மாடியில் நாலு பேர் சேர்ந்து 'மண் சுமந்த மேனிய'ரை உரக்க வாசித்தோம். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்திருந்தார். முடிந்ததும் எங்கள் கண்கள் கலங்கியிருந்தன. அவர் மட்டும் கேட்டார்: "தம்பி, டாங்கி செஞ்சவன் இந்தக் கதையில எங்க வர்றான்?"

20 கப்பல் அனுப்பிய ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நம்மிடமும் பதில் இல்லை. சும்மா அழுதுவிட்டு எழுந்துபோனால் அபராதம் நமக்குத்தான்.