தாம்பரத்தில் எழுந்த மறுப்பு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931க்குப் பின் ஆறாண்டு நிறைவதற்குள், நகரத்துச் சந்தடியில் வளர்ந்த கிறிஸ்தவக் கல்லூரி, தன் நூறாவது ஆண்டில், தாம்பரத்தையொட்டிய சேலையூர்ப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு, 1938 டிசம்பரில், சீனத்தின் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்த உலக மிஷனரி மாநாடு, ஜப்பானியப் படையெடுப்பினால் இடம் மாறி, அந்தக் கல்லூரி வளாகத்துக்கே வந்து சேர்ந்தது. ஜான் மாட் தலைமையில், ஏறக்குறைய எழுபது நாடுகளின் பிரதிநிதிகள் 470க்கு மேற்பட்டோர் கூடினர். அவர்கள் விவாதிப்பதற்கென்றே டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பெருநூல் எழுதியிருந்தார். விவிலிய வெளிப்பாட்டுக்கும் ஏனைச் சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சியே கிடையாது என்பது அவர் துணிபு.

அந்நாளில் இந்தியக் கிறிஸ்தவர் பலருக்கு மிஷன் என்பது ஆலயம் மட்டுமன்று. ஆசிரியர் சம்பளமும், மகளுக்கு விடுதியில் இடமும், மருமகனுக்குச் சிபாரிசுக் கடிதமும் அதுவே. ஆகவே துரைமார் மனம் கோணாமல் பேசும் முகதாட்சண்யம் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போனதில் ஆச்சரியமில்லை. அதைக் கோழைத்தனம் என்று சாய்வு நாற்காலியிலிருந்து ஏசுவது சுலபம். வயிறும் வழிபாடும் ஒரே வாசலில் காத்து நிற்கையில் மறுத்துப் பேச நா எழாது.

அப்படியிருந்தும் கிரேமரின் துணிபை மறுக்கச் சிலர் எழுந்தார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்த பி. செஞ்சையா, அவருடைய மைத்துனரும் பின்னாளில் சென்னை மேயரானவருமான வி. சக்கரை, 1921ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவி அங்கே திராவிடக் கோயிலின் அமைப்பில் ஆராதனைக் கூடமும் எழுப்பிய டாக்டர் ஜேசுதாசன் முதலியோர், இந்தியாவில் கிறிஸ்தவத்தைப் புதிதாகச் சிந்திக்க வேண்டும் என்று முழங்கும் ஆங்கில நூலொன்றை அதே 1938ல் சென்னையில் வெளியிட்டனர். முன்னோர் தந்த ஹிந்து ஞானத்தை உதறினால்தான் பக்தன் என்ற நிபந்தனைக்குச் செஞ்சையா இணங்கவில்லை. கிறிஸ்துவைச் சிருஷ்டியிலேயே தோன்றிய ஒரு நூதன சக்தியாகத் தரிசித்த அவருக்கு, மேனாட்டுச் சபையின் அமைப்பும் அதன் சித்தாந்தங்களும் அத்தரிசனத்துக்கு இன்றியமையாதவையாகத் தோன்றவில்லை. நீதிபதிக்கு மிஷன் சம்பளம் வேண்டியிருக்கவில்லை, அதனால் துணிந்தார் என்று சொல்வாருண்டு, ஓரளவு நியாயந்தான். ஆனால் சக்கரை டேனிஷ் மிஷனில் பல்லாண்டு ஊழியம் செய்தவராயிற்றே! பிழைப்பின் சுதந்திரம் பாதிதான் துணை செய்தது. மற்றப் பாதி, தம்மை மதிப்பிட வேண்டியவர் லண்டனிலோ எடின்பரோவிலோ இல்லை என்ற விசுவாசத்திலிருந்து வந்தது என்றே நான் எண்ணுகிறேன். கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராயிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஏ. ஜி. ஹாக்கும் கிரேமருக்கு உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துரைமாரெல்லாம் ஒரே குரலில் பேசினார்கள் என்று எண்ணிவிடக் கூடாதல்லவா?

வாதத்தில் இவர்கள் வென்றதாகச் சொல்ல முடியாது. 1947 செப்டம்பரில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, செஞ்சையா ஐயுற்ற அதே அமைப்பை, மேற்றிராணியார்களோடு ஏற்றுக்கொண்டது. அதற்காக அவர் தம் கருத்தைத் தளர்த்திக்கொள்ளவுமில்லை.