கொடைக்கானற் பாதரசமும் மினமாட்டாச் சமவாயமும்

பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றோடு நெடுந்தூரம் செல்லும் உலோகமாகும். மழையோடு இறங்கி நீர்நிலைகளின் அடிச்சேற்றிற் படியும் அதனை நுண்ணுயிர்கள் மெதைல் பாதரசமாக மாற்ற, அது மீனுக்கும் மீனுண்பாருக்கும் செல்கின்றது. இந்நஞ்சைக் கட்டுப்படுத்த நாடுகள் ஒன்றுகூடிய வரலாற்றை எழுதுவோர் யப்பானின் மினமாட்டாவிலிருந்தே தொடங்குவர். சிசோ நிறுவனக் கழிவால் விளைந்த நோய் அங்கு 1956இல் இனங்காணப்பட்டும், கழிவு நின்றது 1968இலேயே. தொடக்கம் தக்கதே. ஆயினும் மலையகத்தாராகிய நாம் ஊன்றி நோக்கவேண்டிய பிறிதோர் ஊர் உண்டு. அது தமிழகத்துப் பழனிமலைத் தொடரிலுள்ள கொடைக்கானல். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் எமது தோட்டங்களை விட்டுச் சென்றோரிற் சிலர் குடியேறிய மலையும் அதுவே.

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய சீஸ்பரோ-பொண்ட்ஸ் வெப்பமானித் தொழிற்சாலை, 1980களின் தொடக்கத்திற் பழைய இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்தது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வரும். வெப்பமானிகள் வெளிநாட்டிற்கே போகும். ஊருக்கு எஞ்சியவை கூலியும் கழிவும். 1987இல் சீஸ்பரோ-பொண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. பின்னர் ஆலை ஹிந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. பாதரசம் படிந்த உடைகண்ணாடி ஊருக்குள் ஒரு பழம்பொருட் கடையிற் தொன் கணக்கிற் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் கிறீன்பீஸ் இயக்கத்தினரும் வெளிப்படுத்தினர். அம்மாதமே உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அடுத்து நிகழ்ந்ததே வரலாற்று மாணவரின் கவனத்திற்குரியது. 2003இல் ஏறத்தாழ 290 தொன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு, பென்சில்வேனியாவிலுள்ள மீள்பதனிடும் நிலையமொன்றிற்கு அனுப்பப்பட்டது. செல்வ நாடுகளின் நச்சுக் கழிவு வறிய நாடுகளை நாடி வருவதே உலக வழக்கு. எதிர்த்திசையிற் சென்ற கப்பல்கள் மிகச் சிலவே. பாதரசத்திற்கென உலகளாவிய சட்டம் அன்று எதுவும் இருந்ததில்லை. தொழிலாளரும் ஊராரும் கடல்கடந்த சூழலியலாளரும் கைகோத்தே இதனைச் செய்வித்தனர்.

அரசுகள் பிந்தியே வந்தன. 2009இல் நைரோபியிற் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் ஆளுகைச் சபை பேச்சுவார்த்தைக்கு இசைந்தது. 2013 ஒக்டோபரிற் குமமோட்டோ நகரில் ஏற்கப்பெற்ற மினமாட்டாச் சமவாயம் 2017 ஓகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2017 யூனிலும் இந்தியா 2018 யூனிலும் ஏற்புறுதி செய்தன. இறக்குமதி செய்யும் நாட்டின் எழுத்துமூல இசைவின்றிப் பாதரசத்தை ஏற்றுமதி செய்தலாகாது. சில விலக்குகள் நீங்கலாக, 2020இன் பின் பாதரச வெப்பமானி உற்பத்தியும் கூடாது. வாட்டர்டவுன் ஆலை இன்று கொடைக்கானலுக்கு வந்திருக்க முடியாது எனத் துணிந்து கூறலாம்.

வந்து போன இடத்தின் கதி யாது? 12ஆம் உறுப்புரையிற் சமவாயத்தின் குரல் தணிகின்றது. மாசுற்ற நிலங்களை இனங்கண்டு மதிப்பிட நாடுகள் ‘முயலுதல்’ வேண்டும் என்றே அது விதிக்கின்றது. 2016இல் நிறுவனம் முன்னாட் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு கண்டது. நோய்க்குத் தான் பொறுப்பென்பதை மட்டும் ஏற்கவில்லை. மண்ணைத் தூய்மைசெய்ய ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என வகுக்கப்பட்ட அளவோ தளர்வானது எனவும், இங்கிலாந்தில் இதனினும் கடுமையான அளவே கேட்கப்பட்டிருக்கும் எனவும் சூழலியலாளர் வாதிட்டனர். வாதம் வெறும் எண்ணைப் பற்றியதன்று. கொஸ்லந்தைக்கு அருகே புனாகலை ஓயா தியலும அருவியாக வீழ்ந்து கிரிந்தி ஓயாவை நோக்கிச் செல்வது போன்று, ஆலையின் கீழுள்ள பாம்பார்ச் சோலையின் நீர் கும்பக்கரை அருவியாக வீழ்ந்து பெரியகுளத்துப் பக்கம் இறங்குகின்றது.