விலக்கப்பட்டோர் வகுத்த களம்: அமெரிக்க ரெனிஸ் சங்கத்தின் வரலாறு

விளையாட்டு வரலாறு என்றதும் வெற்றியீட்டிய வீரர்களின் பெயர்களையும் அவர்கள் பெற்ற கிண்ணங்களையும் வரிசைப்படுத்துவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஆடுகளத்தைத் தேடியவர்கள், ஆட்ட நிரலை வகுத்தவர்கள், வெளியூராருக்கு உணவும் உறைவிடமும் ஒழுங்குசெய்தவர்கள் ஆகியோர் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்கள் 1916ஆம் ஆண்டில் நிறுவிய அமெரிக்க ரெனிஸ் சங்கத்தின் வரலாறோ, அமைப்பாளரின் பணியும் உரிமைப் போராட்டத்தின் ஒரு கூறாக அமையக்கூடும் என்பதை உணர்த்துகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்விளையாட்டை நெறிப்படுத்தும் தேசிய புற்றரை ரெனிஸ் சங்கம் 1881இல் தோற்றம் பெற்றது. அதன் சுற்றுப்போட்டிகள் வசதிபடைத்த வெள்ளையரின் கழகங்களிலேயே நடைபெற்றன. அடிமைமுறை 1865இல் ஒழிக்கப்பட்டிருந்த போதிலும், பிரித்து வைத்தாலும் சமத்துவம் பேணப்படலாம் என்னும் கொள்கையை அந்நாட்டின் உயர்நீதிமன்றம் 1896இல் ஏற்றுக்கொண்டது. இதன் பின்னர் பாடசாலை, புகையிரதம், பூங்கா என எங்கும் பிரிவினை வேரூன்றியது. எனினும் கறுப்பின வைத்தியர்களும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஓய்வுநேரத்தில் ரெனிஸ் ஆடினர். தமக்கெனக் கழகங்களை அமைத்தனர். இக்கழகங்களை ஒன்றிணைக்கும் பொது அமைப்பு ஒன்றே அவர்களிடம் இருக்கவில்லை.

அக்குறையை நீக்கும் பொருட்டு 1916 நவம்பர் 30ஆம் திகதி பல கழகங்களின் பிரதிநிதிகள் வாஷிங்டன் நகரில் ஒன்றுகூடிச் சங்கத்தை நிறுவினர். அவர்தம் குறிக்கோள்கள் ஈண்டு நோக்கத்தக்கன. தம் மக்களிடையே இவ்விளையாட்டை வளர்த்தல், புதிய கழகங்களையும் ஆடுகளங்களையும் உருவாக்குதல், பிரதேசச் சங்கங்களை ஊக்குவித்தல், இளையோரைப் பயிற்றுதல் என்பனவே அவை. மறுவருடம் ஆகஸ்ட் மாதத்தில் பால்ரிமோர் நகரின் துரூயிட் ஹில் பூங்காவில் முதலாவது தேசியச் சுற்றுப்போட்டி நடைபெற்றது. ஆண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் தாலி ஹோம்ஸ் வெற்றி பெற்றார். பெண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் வென்ற லூசி டிக்ஸ் ஸ்லோ, பின்னர் 1922இல் ஹவார்ட் பல்கலைக்கழகத்தின் மகளிர் பீடாதிபதியானார்.

ஆண்டுதோறும் இப்போட்டியை நடாத்துதல் எளிதன்று. வெள்ளையரின் ஹோட்டல்கள் பலவற்றில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. இதனால் கறுப்பினக் கல்லூரிகளின் வளாகங்களையே அமைப்பாளர் பெரிதும் நாடினர். கோடை விடுமுறையில் வெறுமையாகக் கிடந்த மாணவர் விடுதிகள் தங்குமிடமாயின. கல்லூரியின் களங்கள் போட்டிக்கு உதவின. பகலில் ஆட்டமும் இரவில் நடனமுமாக அவ்வாரம் ஒரு சமூகப் பெருவிழாவாகவே மலர்ந்தது.

எனினும், தனிச்சங்கம் அமைத்தமை பிரிவினையை ஏற்றுக்கொண்டமை ஆகாதா என்னும் வினா எழுதல் இயல்பே. 1929இல் ரெஜினோல்ட் வியர், ஜெரல்ட் நோர்மன் என்னும் இளைஞர் இருவர் தேசிய இளையோர் உள்ளரங்குப் போட்டிக்கு விண்ணப்பித்தபோது, புற்றரை ரெனிஸ் சங்கம் அவர்களை ஏற்க மறுத்தது. இரு சாராருக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருப்பதே நடைமுறைக்கு உகந்தது என்று அது நியாயம் கற்பித்தது. விலக்கப்பட்டோர் தம் உழைப்பால் எழுப்பிய நிறுவனம், அவர்களைத் தொடர்ந்தும் விலக்குவதற்கே காரணமாகக் காட்டப்பட்டது. முதற் போட்டி நடந்த துரூயிட் ஹில் பூங்காவிலேயே 1948 ஜூலையில் இரு இனத்தவரும் கலந்து ஆட முனைந்தபோது, இருபதுக்கும் மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டனர்.

ஆயினும், தடை தளர்ந்தபோது களமிறங்கத் தகுதியுள்ளோரை ஆயத்தமாக வைத்திருந்தது அச்சங்கமே என்பதை மறுத்தல் இயலாது. 1946இல் அதன் இறுதியாட்டத்தில் தோல்வியுற்ற அல்தியா கிப்சன் என்னும் இளம்பெண்ணின் ஆற்றலைச் சங்கத்தைச் சேர்ந்த வைத்தியர்களான ஹியூபேர்ட் ஈற்றன், வோல்ரர் ஜோன்சன் ஆகிய இருவரும் இனங்கண்டனர். அவர்கள் தம் இல்லங்களில் அவருக்கு இடமளித்துக் கல்விக்கும் பயிற்சிக்கும் வழிசெய்தனர். அவர் 1947 முதல் 1956 வரை பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாகச் சங்கத்தின் பட்டத்தை வென்றார். வெள்ளையின வீராங்கனையான அலிஸ் மாபிள் 1950இல் அவருக்காகப் பகிரங்கமாக எழுதினார். அவ்வாண்டே ஐக்கிய அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஆடிய முதற் கறுப்பினத்தவரானார் கிப்சன். 1957இல் விம்பிள்டனையும் வென்றார். லிஞ்ச்பேர்க் நகரில் ஜோன்சனின் வீட்டுக் களத்தில் பயின்ற ஆதர் ஆஷ், 1968இல் ஐக்கிய அமெரிக்கப் பகிரங்கப் போட்டியிலும் 1975இல் விம்பிள்டனிலும் வாகை சூடினார்.

இவ்வெற்றிகளைத் தனிமனித ஆற்றலின் விளைவாக மட்டும் கொள்ளுதல் வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. தனிச்சங்கம் பிரிவினையின் குழந்தை என்பது உண்மை. ஆயின் அப்பிரிவினையைக் கடப்பதற்கு வேண்டிய ஆளணியையும் அனுபவத்தையும் தன்னம்பிக்கையையும் அதுவே வளர்த்தது. கதவு திறக்கும்வரை கைகட்டிக் காத்திராது களம் வகுத்து, நிரல் எழுதி, இளையோரைப் பயிற்றிய அமைப்பாளர்களுக்கும் அவ்வெற்றிகளில் உரிய பங்கு உண்டு.